ஓடாதுன்னு போடுங்க

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது தாட்சாயணியின் வேலை. உள்ளே ஓடும் கணினியில் படங்கள் திக்கித் திக்கித்தான் நகரும். வெளிக்கணினியில் படங்களை இயக்கும் கிராபிக்ஸ் கார்டு பழையதாக இருந்தாலும், அதை உள்ளே இருப்பதற்குத் திறந்துவிட்டாலே போதும் என்று பதினொரு நாள் போராடிக் கண்டுபிடித்து, அந்த வழியை ஒன்பது படிகளாக எழுதியிருந்தாள்.

மேலாளர் ரெஜினால்ட் படித்துவிட்டு, "இதை எடுத்துடுங்க. பழைய கார்டுல ஓடாதுன்னு போடுங்க. நம்மகிட்ட புது கார்டு வாங்கட்டும்," என்றார்.

"ஓடுதே சார்."

"அது நமக்குத் தெரிஞ்சா போதும்."

தாட்சாயணி திரையை அவர் பக்கம் திருப்பினாள். பழைய கார்டிலேயே ஒரு மனித இதயத்தின் படம் திக்காமல் துடித்தபடி சுழன்றுகொண்டிருந்தது. "ஒரு மருத்துவக் கல்லூரியில இதுக்கு வழி கேட்டிருக்காங்க. அங்க இருக்கிற அறுபதும் பழைய கம்ப்யூட்டர். பிள்ளைங்க இதைப் பார்த்துத்தான் படிக்கணும்."

"சொன்னதைச் செய்யுங்க. இல்லன்னா எழுத வேற ஆள் வரும்."

"வரட்டும் சார்."

அவள் கையேட்டின் அடியில் முதல்முறையாகத் தன் முழுப்பெயரையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்தாள். 'எந்தப் படியில் நின்றாலும் கூப்பிடுங்கள்' என்று எழுதி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியிட்டாள்.