அண்ணி மூச்சடக்கும் நேரம்

ஏரி முழுக்க வெயில் தகரத் தகடாய்ப் பளபளக்கிறது. முழங்கால் தண்ணீரில் நிற்கும் அண்ணியின் கைவலைக்குள், தூண்டிலில் சிக்கிய முழங்கை நீளக் கெண்டை ஒன்று புரள்கிறது. பிடித்த மீனையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவள் அவள். "சும்மா கதை விடுறா" என்று வீடே சிரிப்பதால், இன்று சாட்சிக்கு நாத்தனார் போனும் கையுமாகக் கரையில் நிற்கிறாள். அண்ணி முதலில் கைகளை நனைத்துக்கொள்கிறாள். காய்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கும் வழவழப்பு உரிந்துவிடும். தூண்டில்முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றுகிறாள். பிறகு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, வயிற்றடியில் ஒரு கையும் வாலடியில் ஒரு கையுமாக மீனைத் தூக்குகிறாள். தனக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டும், அதுதான் அவள் கணக்கு. "ஐயோ அண்ணி, வெயில்ல போன்ல ஒண்ணுமே தெரியலையே!" எப்படியோ ஒரு படம் எடுத்துவிடுகிறாள் நாத்தனார். அண்ணி முகம் சிவந்து, மீனை இறக்கிவிட்டு மூச்சு விடுகிறாள். "இன்னொரு தடவை தூக்குங்க அண்ணி!" "போதும்டி. அது போஸ் கொடுக்க வரலை." தண்ணீருக்குள் அதைத் தாங்கியபடியே காத்திருக்கிறாள். செவுள் மெல்லத் திறந்து மூடுகிறது, பிறகு வேகமாக. சட்டென்று வாலை உதறி, அவள் முகமெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டு மீன் போய்விடுகிறது. துடைக்காமலேயே கரையேறி போனை வாங்கிப் பார்க்கிறாள். கேமரா செல்ஃபி பக்கம் திரும்பி இருந்திருக்கிறது: படத்தில் மீன் இல்லை, வாயைப் பிளந்து கண் விரிய நிற்கும் நாத்தனார்தான் இருக்கிறாள். "அழிச்சிடுங்க அண்ணி, மானம் போகுது!" "இதையா?" அண்ணி போனை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். "மீன் எவ்வளவு பெருசுன்னு இந்த மூஞ்சியப் பார்த்தாலே தெரியுமேடி."