காற்றின் கண்

இறுகிப்போன ஜன்னலை இழைக்க வந்த தச்சருக்கு அந்த டியூஷன் வாத்தியாரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

"விண்டோன்னா என்ன சார்?" என்று கேட்டாள் எதிரே உட்கார்ந்திருந்தவள். நரை எட்டிப் பார்க்கிற வயசு.

"காத்தோட கண்ணு. விண்ட்னா காத்து. கூட ஒட்டியிருக்கிற 'ஓ' பழைய பாஷையில கண்ணு," என்றார் அவர், தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி.

"டெய்சி?"

"டேன்னா பகல். பகலோட கண்ணு. விடிஞ்சா விரியும், இருட்டினா மூடிக்கும் அந்தப் பூ."

நேற்றும் இதே கேள்வி, இதே பதில். தச்சர் இழைப்புளியை வைத்துவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்மா, அரைச்ச மாவையே அரைக்கிறார். இந்த ஆளுக்கு எதுக்குத் தண்டம் அழுவுறீங்க?"

அவள் சிரித்தாள். "வாத்தியார் நான்தாண்ணே. அவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதுசுல நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைங்க. தலையில அடிபட்டப்புறம் அதெல்லாம் ஞாபகம் இருக்கு, நான்தான் இல்லை. படிக்க வந்திருக்கேன்னு சொன்னாத்தான் பக்கத்துல உட்கார விடுறார்."

தச்சர் இழைப்புளியை எடுத்துக்கொண்டார். போய் மீதியை இழைத்துவிட்டு, உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். ஜன்னல் திறந்தது. காற்று திரைச்சீலையைத் தூக்கி அந்த மனிதர் முகத்தில் போட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "காத்தோட கண்ணு..." பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினார். "இதை எனக்குச் சொன்னதே நீதானே?"

ஜன்னலை ஒருமுறை சாத்திப் பார்க்கிற வேலை பாக்கி இருந்தது. தச்சர் சாத்தவில்லை.