இளஞ்சிவப்பு விதைத்தோல்

காலை வெயில் கோதுமை நாற்றுகளின் நுனிப் பனியில் மினுங்குகிறது. அழுகல் நோய்க்குக் கடை மருந்து வேண்டாம், பூண்டே போதும் என்று பக்கத்து வயல்காரர்களிடம் சவால் விட்டு, பூண்டுச் சாற்றில் விதையை ஊறவைத்து அவள் விதைத்த பாத்தியில் ஒரு நாற்றுகூட அழுகவில்லை. பூரிப்போடு ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறுகிறாள். வேரோடு ஒட்டியிருக்கும் விதைத்தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. கடை மருந்து பூசிய விதைக்குத்தான் அந்தச் சாயம். பக்கத்தில் நிற்கும் கணவன் வேறெங்கோ பார்க்கிறான். “நான் விதைச்சத ராத்திரியில தோண்டிட்டு இந்த விதையப் போட்டீங்களா?” “நாலு பேர் முன்னாடி நீ தலைகுனியக் கூடாதேன்னுதான்...” “அப்போ நான் தோத்துடுவேன்னு முடிவே பண்ணிட்டீங்க.” அதற்குள் பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் வந்து நிற்கிறார்கள். “பூண்டு ஜெயிச்சிடுச்சே, அக்கா! இனிமே எங்க விதைக்கும் உங்க வைத்தியம்தான்,” என்று ஒருத்தி சிரிக்கிறாள். அவன் கண்ணாலேயே கெஞ்சுகிறான். “இது பூண்டோட வேலை இல்ல, தங்கச்சி,” என்கிறாள் அவள், அவன் பக்கம் திரும்பாமல்.