பெரியப்பாவின் மஞ்சள்

கார் ஷோரூமின் கண்ணாடி வழியே மாலை வெயில் மேசைமேல் சாய்ந்திருக்கிறது. இறந்துபோன பெரியப்பாவின் ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே கலந்த மஞ்சள் நிறத்தை, குடும்பம் சம்மதித்தால்தான் கம்பெனி வேறு கார்களுக்குப் பூசும். அத்தை சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருக்கிறாள். “உலகம் பூரா கேக்கறாங்கம்மா. நூறே வண்டிதான் செய்வோம்,” என்கிறார் விற்பனையாளர். “ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லித்தானே எங்கண்ணன் தலையில கட்டினீங்க?” அவர் அசட்டுச் சிரிப்புடன் அந்த மஞ்சள் பூசிய மாதிரித் தகட்டை அத்தை பக்கம் நகர்த்துகிறார். வெயில் பட்டு அத்தையின் முகவாயில் மஞ்சள் ஏறுகிறது. அவள் தகட்டை விரலால் தடவுகிறாள். “தெருமுனையில இந்த நிறம் தெரிஞ்சா, அண்ணன் வந்துட்டான்னு அடுப்பை அணைச்சிட்டு வாசலுக்கு ஓடுவேன். இனி நூறு வண்டிக்கும் ஓடணுமே.” “வேண்டாம்னா விட்டுடலாம்மா.” “யாரு வேண்டாம்னது?” அத்தை கையெழுத்துப் போடுகிறாள். “ஓடிட்டுப் போறேன்.”