கருகின சவுண்டு கார்டு

"கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கு. அமுக்கிக்கிட்டே டேப். ஒரே ஒரு தடவை. ரெண்டாவது தட்டுனே, எண்ணூர்லேருந்து வந்து மிதிப்பேன்!"

மகிமாவின் குரல் ரிசீவரில் சீறியது.

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம், தன் டெலிபோன் பூத்துக்குள் உட்கார்ந்திருந்த வேலப்பன், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரே ஒரு தடவை தட்டினான்.

கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை.

அவனுக்கும் பார்வை கிடையாது, அவளுக்கும் கிடையாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரை வைத்துத்தான் இருவர் வேலையும். அவனுடைய பழைய பெட்டியில் அந்தப் பேச்சு காலையிலிருந்து நின்றுபோயிருந்தது.

"சவுண்டு கார்டு பூடுச்சுமே. கருகின நாத்தம் வேற. ஞாயித்துக்கெழம, ரிச்சி ஸ்ட்ரீட்டு கம்ப்யூட்டர் கடைங்கள்ல ஈ காக்கா இருக்காது. ஜனங்க மனு டைப் அடிக்கக் குடுத்துட்டு நிக்குது. நீதான் காப்பாத்தணும்" என்று ஒப்பாரி வைத்துத்தான் அவளைப் பிடித்திருந்தான்.

வழி ஒன்றுதான். அவன் கம்ப்யூட்டரை எண்ணூரிலிருந்தே அவள் இயக்கும்படி ஒரு கதவைத் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டால், இங்கே வராத பேச்சு அங்கே அவள் ஸ்பீக்கரில் வரும். திறக்கும்வரை திரையில் என்ன நடக்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கிண்டியில் ஒரு கம்பெனி நாளைக்கு அவளுக்கு வைத்திருக்கும் பரீட்சையும் இதேதான். பார்வையில்லாதவர்களுக்குப் போனிலேயே வழி சொல்லி, கம்ப்யூட்டரைச் சரிசெய்து தரும் வேலை. "பேசாத மெஷினை வச்சு என்னத்த பண்ண? என்னால ஆகாது. நான் போகல" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். போகாவிட்டால் அப்பா வெள்ளத்துரையின் பலசரக்குக் கடையில் ஆயுசு பூரா மிளகாய்ப் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்.

"இப்ப ஆல்ட்டும் யு-வும். ஸ்பேஸ். என்டர்."

தட்டினான். தட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் விலாவில் காதை ஒட்டினான். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்தால் காரியம் ஆகிறது என்று அர்த்தம்.

அரைக்கவில்லை.

"இன்னா மாமு, காத வெச்சுக் கேட்டுகினு கீறே? கொயந்த உதைக்குதா?"

பக்கத்து லாரி ஷெட் ஜஹாங்கீர். மணலிக்கு ஒரு போன் போட வந்தவன்.

"போன் பிஸிபா. கம்ப்யூட்டருக்கு மெதுவா வைத்தியம் நடக்குது."

"நான் வோணா பாத்துச் சொல்லவா? நீலமா ஒரு பொட்டி..."

"யாருல அது? வாயை மூடச் சொல்லு!" ரிசீவரே அதிர்ந்தது. "கண்ணு உள்ளவங்க ஒருத்தரும் பாக்கக் கூடாது. நானே கண்டுபிடிப்பேன்!"

ஜஹாங்கீர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். வேலப்பன் சத்தம் வராமல் சிரித்தான்.

எண்ணூரில் நகம் கடிக்கும் ஓசை. பிறகு ஒரு கூச்சல்.

"எச்சரிக்கை! நடுவுல ஒரு எச்சரிக்கைப் பெட்டி போடும்லா? நீ தட்டுன என்டரை அது முழுங்கிருக்கு. இன்னொண்ணு குடு!"

கொடுத்தான்.

கரகர... கரகரகர...

"அரைக்குதுமே! மாவு மிஷினு கணக்கா அரைக்குது!"

சுவரைப் பார்த்தபடியே ஜஹாங்கீர் விசிலடித்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாது.

அடுத்தது, அவன் கம்ப்யூட்டரின் இன்டர்நெட் எண் அவளுக்குத் தெரிய வேண்டும். அதைப் படிக்கத்தான் இங்கே வாய் இல்லையே! பூத்தில் இரண்டு லைன். ஒன்று அவன் தோளில், இன்னொன்று இன்டர்நெட்டில். தன் எண்ணை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கதவைத் தட்டுவதுபோல் அந்த எண்ணுக்கு இங்கிருந்து ஒரு தட்டு தட்டினான். தட்டிய கம்ப்யூட்டரின் எண் இன்னதென்று அவளுடைய கம்ப்யூட்டர் படித்துக் காட்டியது.

"ஏலே, தட்டுத! என் வாசல்ல நின்னு தட்டுத!"

அவள் விரல்கள் கீபோர்டில் பொரிந்தன.

அதன்பிறகு ரிசீவரில் ஓர் இயந்திரக் குரல், மூக்கடைப்பு வந்ததுபோல், இங்கிலீஷில் எதையோ கடகடவென்று வாசித்தது.

வேலப்பன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவன் கம்ப்யூட்டர்! அவன் மடியை ஒட்டி நிற்கும் இந்தப் பெட்டிதான், எண்ணூர் பலசரக்குக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

"நான் பண்ணிட்டேன்! வேலப்பா, நானே பண்ணிட்டேன்!" அங்கே ஏதோ டப்பா உருண்டது. "அப்பா, மிளகாயை வேற ஆளை வச்சு மடிங்க!"

ஜஹாங்கீர் வேலப்பனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். ரிசீவர் வயரில் தொங்கி ஆடியது. தடவிப் பிடித்து மறுபடி காதில் வைத்தபோது, அவள் இன்னும் அவன் கம்ப்யூட்டருக்குள்தான் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள்.

தட்டல் நின்றது.

"வேலப்பா, உன் சவுண்டு கார்டு கல்லு மாதிரில்லா இருக்கு? ஒரு கோளாறும் இல்லைன்னு உன் கம்ப்யூட்டரே சொல்லுது. கருகின நாத்தம் எங்கேருந்துல வந்துச்சு?"

"அது... ஜஹாங்கீரு பீடியா இருக்கும்."

"நான் இப்பத்தானே மாமு வந்தேன்?" என்றான் ஜஹாங்கீர்.

எண்ணூரிலிருந்து சிரிப்பு வெடித்தது. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"காலையில வெள்ளனமே கிண்டிக்குக் கிளம்புதேன். நீ மொதல்ல அந்த ஒயரை எடுத்துச் சொருகுல."

லைன் துண்டானது.

வேலப்பன் ஸ்டூலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். காலையில் 'நான் போகல' என்று அவள் போனை வைத்த மறுநொடி அவன் பிடுங்கி எறிந்த ஸ்பீக்கர் ஒயர், அங்கேதான் சுருண்டு கிடந்தது.