பத்தடி தள்ளி நின்ற மைக்

என் மீசை மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கோயில் யானை அம்புஜம் நாயனச் சத்தம் கேட்டால்தான் ஊர்வலத்தில் கால் எடுத்து வைக்கும். அந்த நாயனத்தைப் பதிவு செய்ய ஒரு மைக் வந்தது. பதிவைக் கேட்டு அம்புஜம் நடக்காவிட்டால் மைக்குக்குப் பரண்தான் கதி.

"ஒட்டி நின்னாத்தான் ஒண்ணும் தப்பாது" என்று மைக் நாயனத்தின் வாய்க்குள்ளேயே தலையை நீட்டிப் பதிந்தது. அம்புஜத்துக்கு முன்னால் நின்ற வண்டியின் ஒலிபெருக்கியில் அந்தப் பதிவு முழங்கியது. அம்புஜம் அசையவில்லை.

"காத்து கேக்குது, விரல் தட்டுறது கேக்குது. நாயனம் எங்கடா?" என்று அம்புஜம் மைக்கை அதட்டியது.

நாயனம் நெஞ்சை நிமிர்த்தியது. "நான் தெருவுக்கே ஊதுறவன், தம்பி. பத்தடி தள்ளி நின்னு கேளு."

மறுநாள் மைக் அப்படியே தள்ளி நின்று பதிந்தது. புதுப் பதிவை முழங்கிக்கொண்டு வண்டி புறப்பட்டதும் அம்புஜம் விறுவிறுவென நடந்தது.

"அம்புஜக்கா, கேட்டியா என் குரலை!" என்று நாயனம் பெருமையாகக் குறுக்கே வந்தது.

அம்புஜம் அதைத் துதிக்கையால் ஓரங்கட்டியது. "வழிய விடுப்பா, நாயனம் முன்னால போகுது!"

அன்று நிமிர்ந்த கழுத்தை மைக் இன்னும் இறக்கவில்லை. நான்தான் சொன்னேன் என்று நாயனத்திடம் மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.