எதிர்வீட்டு ஜன்னலில் தெரிந்த காடு

மெய்யம்மை அந்தக் காட்டை எட்டு மாதமாக வரைந்துகொண்டிருந்தாள். பதினான்கு அடி அகலத் துணி கடையறையின் பின்சுவரை முழுக்க அடைத்திருந்தது. டர்பன்டைன் நெடிக்காக ஷட்டரை ஏற்றியே வைத்திருப்பாள். ஆனால் பாதியில் முழுசாகப் பார்த்துவிட்டால் கை பயந்துவிடும் என்பது அவள் எண்ணம். தெருவில் இறங்கினாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

மூலையில் கையெழுத்துப் போட்ட அன்று, வரையும்போதெல்லாம் போடும், பெயின்ட் படிந்த பச்சை நைட்டியைக் கழற்றிவிட்டு, குளித்து, சேலை கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஓவியத்தை ஏற்றிப்போக லாரி வரும். ஜெபராணி அக்காவின் சமையலறை ஜன்னலிலிருந்து முதல்முறையாக முழுக்காட்டையும் பார்த்தாள். குறையொன்றும் தென்படவில்லை.

புளி கரைத்துக்கொண்டிருந்த அக்காவும் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தூரப் பார்வை மங்கல், கண்ணாடி போடமாட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொம்பளைய ஏன் அழிச்ச?"

"எந்தப் பொம்பள?"

"நடுவுல ஒருத்தி பச்சையா முதுகக் காட்டிட்டு நின்னால்லா? தெனம் சோறு வடிக்கும்போது அவளத்தான் பாத்துட்டிருப்பேன். என்னைக்காவது திரும்புவாளான்னு."

மெய்யம்மை கடையறைக்குத் திரும்பி, நைட்டியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பெயின்ட் சுரண்டும் கத்தியை எடுத்து, நடுவிலிருந்த மருதமரத்தைத் தன் உயரத்துக்கு, ஒருத்தி நிற்கும் அளவுக்குச் சுரண்டத் தொடங்கினாள்.

"இந்தா, வந்துட்டால்லா!" என்று எதிர் ஜன்னலில் குரல் கேட்டது.

அவள் திரும்பவில்லை.